பாம்பு பேரு வெச்ச கப்பல் ரெண்டா ஒடிஞ்ச கதை

கேள்வி இதுதான்: "1901-ல பிரிட்டிஷ் நேவியோட மொத ரெண்டு டர்பைன் டிஸ்ட்ராயரும், வைப்பர், கோப்ரா ரெண்டுமே, 46 நாள் இடைவெளில அடுத்தடுத்து போயிருச்சாமே, புது டர்பைன் என்ஜின் தான் கப்பலை உடைச்சிருச்சா, இல்ல பாம்பு பேரு வெச்சதால வந்த ராசியா?"

மொதல்ல சுருக்கமா சொல்லிடறேன். டர்பைன் மேல தப்பே இல்ல, பாம்பு மேலயும் தப்பு இல்ல. வைப்பர் (விரியன் பாம்புன்னு அர்த்தம்) பனிமூட்டத்துல பாறை மேல ஏறுச்சு, அது எந்த என்ஜின் இருந்தாலும் ஏறியிருக்கும். கோப்ரா தான் விஷயமே. அது நடுக்கடல்ல, பாறை கீறை எதுவும் இல்லாம, வெறும் அலைல முருங்கைக்காய ஒடிச்ச மாதிரி ரெண்டா ஒடிஞ்சுச்சு, 67 பேர் போனாங்க. ஏன் ஒடிஞ்சுச்சுன்னு கேட்டா அதுக்கு கொஞ்சம் பின்னாடி போகணும், ஏன்னா அந்த காலத்து டிஸ்ட்ராயர்ங்கறது (வேகமா ஓடற சின்ன போர்க்கப்பல்) கப்பலே இல்ல, ஒரு பெரிய பாய்லருக்கும் என்ஜினுக்கும் சுத்தி ஒரு தகரத்த சுத்தினது, அவ்வளவுதான். நான் மெர்ச்சன்ட் நேவில என்ஜின் ரூம்ல ரொம்ப வருஷம் கிடந்தவன், அதனால பாசம் என்னமோ என்ஜின் பக்கம் தான் இருக்கும், அதையும் மனசுல வெச்சுகிட்டே படிங்க.

1866-ல ராபர்ட் வைட்ஹெட்னு ஒரு இங்கிலீஷ்கார என்ஜினியர், ஃபியூமேங்கற ஊர்ல (இப்போ குரோஷியால ரியெக்கான்னு சொல்ற ஊர்), தானா தண்ணிக்குள்ள ஓடற டார்பிடோவ செஞ்சு காட்டினார். ஆரம்பத்துல அது ஏழு நாட் வேகம்தான் (ஒரு நாட்னா மணிக்கு 1.85 கிலோமீட்டர்), கொஞ்ச தூரம்தான் போகும், ஆனா வருஷத்துக்கு வருஷம் தேறிகிட்டே வந்துச்சு. 1877 வாக்குல தார்னிகிராஃப்ட் கம்பெனி எச்.எம்.எஸ். லைட்னிங்னு (எச்.எம்.எஸ்.னா பிரிட்டிஷ் நேவி கப்பல்) ஒரு சின்ன படகு கட்டி குடுத்தாங்க, அதுல டார்பிடோ. இப்ப யோசிச்சு பாருங்க, லட்சக்கணக்கான பவுண்டு கொட்டி கட்டின இரும்பு மலை மாதிரி போர்க்கப்பல், அதை ஒரு சின்ன படகுல வர்ற இருபது பேர் ராத்திரில வந்து கவுத்துடலாம். பிரான்ஸ்ல ஒரு கூட்டம் இதை ஒரு கொள்கையாவே பிடிச்சுகிட்டாங்க, அட்மிரல் ஓப்னு ஒருத்தர் தான் தலை, பெரிய கப்பல் எதுக்கு, டார்பிடோ படகா கட்டி தள்ளுவோம்னு. இங்கிலீஷ் சேனலுக்கு அந்தப்பக்கம் உக்காந்துகிட்டு பிரிட்டனுக்கு தூக்கம் போச்சு. 1891-ல சிலி நாட்டு உள்நாட்டு சண்டைல பிளாங்கோ என்கலடாங்கற இரும்புக்கப்பலை காலதேராங்கற துறைமுகத்துல ரெண்டு டார்பிடோ கன்போட் சேந்து மூழ்கடிச்சதும், சும்மா பேச்சு இல்ல இதுன்னு எல்லாருக்கும் புரிஞ்சு போச்சு.

இந்த டார்பிடோ படகு பயத்துக்கு மருந்தா பிரிட்டன் அதுக்கு முன்னாடியே டார்பிடோ கன்போட்னு சில சின்ன போர்க்கப்பல் கட்டியிருந்தாங்க, 1886-ல வந்த ராட்டில்ஸ்நேக் அதுல முன்னோடி (பாத்தீங்களா, மறுபடி பாம்பு). எல்லாம் நல்ல கப்பல்தான், ஒரே ஒரு குறை, எதை துரத்தணுமோ அதை பிடிக்கற வேகம் இல்ல. திருடன் பைக்ல போறான், போலீஸ் மாட்டு வண்டில துரத்தறாங்க. ஸ்பெயின்ல வில்யாமில்னு ஒரு ஆபீசர் இதை கொஞ்சம் முன்னாடியே யோசிச்சு, டெஸ்ட்ரக்டோர்னு ஒரு கப்பல கிளாஸ்கோ பக்கம் கட்ட வெச்சிருந்தார், 1887-ல அது ஸ்பெயினுக்கு போச்சு. அவர் பத்து வருஷம் கழிச்சு, 1898-ல கியூபாவுல சந்தியாகோ சண்டைல, தன்னோட டிஸ்ட்ராயர்லயே செத்தார். அது வேற கதை.

1892-ல ஜாக்கி ஃபிஷர் பிரிட்டிஷ் நேவில கப்பல் கட்ற பொறுப்புக்கு, கன்ட்ரோலரா வந்தார். அந்த ஆளு ஒரு புயல். அவர் போய் கேட்டது யாரோகிட்ட, யாரோன்னா யாரோ ஒருத்தர் இல்ல, ஆல்ஃப்ரட் யாரோ, லண்டன்ல தேம்ஸ் கரைல பாப்ளர்ல கப்பல் கட்ற யார்டு வெச்சிருந்தவர். பிரெஞ்சு டார்பிடோ படகை விட வேகமா ஒண்ணு கட்டி குடுங்க, துப்பாக்கியும் வேணும், டார்பிடோவும் வேணும்னு. அப்படி வந்ததுதான் எச்.எம்.எஸ். ஹாவக், 1893 ஆகஸ்ட்ல தண்ணில விட்டாங்க. 180 அடி நீளம், 240 டன், ட்ரையல்ல 26 நாட்டுக்கு மேல ஓடுச்சு. கூடவே யாரோவோட ஹார்னெட், தார்னிகிராஃப்ட்டோட டேரிங், டிகாய், லேர்டு கம்பெனியோட ஃபெரட், லிங்ஸ். "டார்பிடோ போட் டிஸ்ட்ராயர்"ங்கற பேரு ஃபிஷர் வெச்சதுன்னு சொல்வாங்க. நாளடைவுல முன்னாடி இருக்கற ரெண்டு வார்த்தையும் உதிர்ந்து வெறும் டிஸ்ட்ராயர் ஆச்சு.

இதுக்கப்புறம் தான் பைத்தியம் பிடிக்குது. 26 நாட், அப்புறம் 27, அப்புறம் 30. ஒவ்வொரு யார்டும் கான்ட்ராக்ட்ல எழுதின வேகத்தை காட்டலன்னா காசு பிடிச்சுக்குவாங்க, அதனால ட்ரையல் அன்னைக்கு நடக்கறது ஒரு கூத்து. பொறுக்கி எடுத்த நல்ல நிலக்கரி, பொறுக்கி எடுத்த ஸ்டோக்கருங்க (பாய்லருக்கு கரி அள்ளி போடறவங்க), கப்பல்ல பாதி சாமான் ஏத்தாம காலியா, கடல் தாம்பாளம் மாதிரி இருக்கற நாளா பாத்து, ஒரு மணி நேரம் மூணு மணி நேரம் உயிரை குடுத்து ஓட்டுவாங்க. மைலேஜ் விளம்பரம் பாத்து பைக் வாங்கினவங்களுக்கு இது புதுசா இருக்காது. முப்பது நாட்னு பேரு வாங்கின கப்பல் நெசமான கடல்ல, நெசமான சுமையோட போனா அந்த வேகத்தை கிட்ட கூட நெருங்காது.

அந்த வேகம் எங்கிருந்து வந்துச்சுன்னா ரெண்டு இடத்துலருந்து. ஒண்ணு பாய்லர். ஸ்டோக்கர் நிக்கற ரூமையே காத்து போகாம அடைச்சு, ஃபேன் வெச்சு உள்ள காத்த அழுத்தி, அந்த அழுத்தத்துல நெருப்பு சும்மா சீறும். உள்ள போகணும்னா ரெண்டு கதவு தாண்டிதான் போகணும், ஒண்ணை மூடினதும் தான் இன்னொண்ணை தெறக்கலாம். உள்ள இருக்கறவன் கரி அள்ளி போட்டுகிட்டே இருக்கணும், காது அடைக்கும், கண்ணுல கரித்தூள், பாய்லர் ட்யூப் ஒண்ணு வெடிச்சா ஓடறதுக்கு கூட இடம் கிடையாது. ரெண்டாவது, எடை கொறைப்பு. உடம்புல எங்கெல்லாம் இரும்பை செதுக்க முடியுமோ அங்கெல்லாம் செதுக்கினாங்க. இந்த காலத்து டிஸ்ட்ராயர்கள்ல தகடு சில இடத்துல அரைக்கால் இன்ச் தான். அரைக்கால் இன்ச்னா மூணு மில்லிமீட்டர் சொச்சம், ரெண்டு ஒரு ரூபா காசை ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு பாருங்க, அந்த கனம். அதுக்கு அந்தப்பக்கம் வடகடல். துறைமுகத்துல லேசா உரசினாலே நசுங்கும், துரு பிடிச்சா கேக்கவே வேணாம்.

இன்னொரு பக்கம் என்ஜின் தலைவலி. அப்ப எல்லாம் பிஸ்டன் மேல கீழ போற ஸ்டீம் என்ஜின். முப்பது நாட் ஓடறப்போ நிமிஷத்துக்கு நானூறு சுத்துக்கு கிட்ட, அத்தாம்பெரிய இரும்பு தடிங்க மேலயும் கீழயும் அடிச்சுகிட்டு, கப்பலே காய்ச்சல்காரன் மாதிரி நடுங்கும். பேரிங் சூடாகி உருகாம இருக்கணும்னு ஹோஸ் பைப் வெச்சு தண்ணி அடிச்சுகிட்டே இருப்பாங்க, எண்ணெயும் தண்ணியும் கலந்து ரூம் பூரா தெறிக்கும். நட்டு போல்ட்டு கழண்டு பறக்காம இருந்தா அன்னைக்கு நல்ல நாள்.

டேரிங் ட்ரையல்ல இன்னொரு விசித்திரம் வெளிய வந்துச்சு. 1894-ல அது எதிர்பார்த்த வேகத்தை காட்டவே இல்ல, என்ஜின் நல்லா சுத்துது, கப்பல் நகர மாட்டேங்குது. ப்ரொப்பல்லர் ரொம்ப வேகமா சுத்தும்போது அதோட இலை (பிளேடு) முதுகுல அழுத்தம் கொறஞ்சு தண்ணியே ஆவியாகி குழி விழுந்துருது, ப்ரொப்பல்லர் தண்ணிய பிடிக்காம வெத்திடத்துல சுத்துது. இதுக்கு தான் கேவிட்டேஷன்னு பேரு, அந்த பேரை சொன்னது ஆர்.இ. ஃப்ரூட். இலையோட பரப்பளவை கூட்டினதும் டேரிங் ஓடுச்சு. எங்க தொழில்ல இன்னைக்கும் பம்பு இம்பெல்லர் கழட்டி பாத்தா அம்மை தழும்பு மாதிரி குழி குழியா இருக்கும், அதே ஆளு தான்.

இந்த இடத்துல தான் சார்லஸ் பார்சன்ஸ் உள்ள வர்றார். 1884-லயே கரண்ட் தயாரிக்க ஸ்டீம் டர்பைன் செஞ்சவர். ஸ்டீம் நேரா இலை மேல மோதி ஷாஃப்டை சுத்துது, மேல கீழ போற சமாச்சாரமே கிடையாது. கப்பலுக்கு போட்டா என்னன்னு 1894-ல டர்பினியான்னு ஒரு சின்ன கப்பல் கட்டினார், 100 அடி சொச்சம், 44 டன். மொதல்ல அதுவும் ஓடல, அதே கேவிட்டேஷன். டர்பைன் சுத்தற வேகம் பிஸ்டனை விட பல மடங்கு, நேரா ஷாஃப்ட்ல மாட்டினா ப்ரொப்பல்லர் தண்ணிய கிழிச்சிட்டு சும்மா சுத்தும். நடுவுல கியர் போடற வித்தை அப்ப வரல. மனுஷன் ஒரு கண்ணாடி தொட்டி செஞ்சு, அதுல குட்டி ப்ரொப்பல்லர் சுத்த வெச்சு, குமிழி எப்படி உருவாகுதுன்னு கண்ணால பாத்து, கடைசில மூணு ஷாஃப்ட், ஒவ்வொண்ணுலயும் மூணு ப்ரொப்பல்லர்னு மொத்தம் ஒம்போது மாட்டினார். 1897 ஜூன் 26, விக்டோரியா மகாராணியோட வைர விழாவுக்கு ஸ்பிட்ஹெட்ல நேவி பூரா வரிசையா நிக்குது, அந்த வரிசைக்கு நடுவுல இவர் டர்பினியாவ 34 நாட்ல விட்டு பறந்தார், பிடிக்க வந்த படகு ஒண்ணாலயும் பிடிக்க முடியல. உலகத்துலயே தைரியமான டெமோன்னா இதுதான்னு நான் சொல்வேன்.

அடுத்த வருஷமே, 1898-ல, அட்மிரால்டி (பிரிட்டிஷ் நேவிய நடத்தற ஆபீஸ்) வைப்பருக்கு ஆர்டர் குடுத்துருச்சு. ஹெப்பர்ன்ல ஹாத்தார்ன் லெஸ்லி கம்பெனி உடம்பை கட்டினாங்க, உள்ள பார்சன்ஸ் டர்பைன். 210 அடி, நாலு ஷாஃப்ட், எட்டு ப்ரொப்பல்லர். ட்ரையல்ல 36 நாட்டுக்கும் மேல, நம்ம கணக்குல மணிக்கு 67 கிலோமீட்டர் கிட்ட. அன்னைக்கு தண்ணி மேல அதை விட வேகமான கப்பல் உலகத்துல கிடையாது. அதை விட ஆச்சரியம், கப்பல் நடுங்கல. என்ஜின் ரூம்ல நின்னு பேசலாம். டர்பைன் பின்னாடி சுத்தாது, அதனால ரிவர்ஸுக்குன்னு தனியா ஒரு டர்பைன் வெச்சாங்க. ஒரே குறை, மெதுவா போனா கரிய முழுங்கும். போர்க்கப்பல் வாழ்க்கைல தொண்ணூறு பங்கு மெதுவா தான் போகும், அதனால அது சின்ன குறை இல்ல.

கோப்ராவ நேவி ஆர்டர் பண்ணல, இதை கவனிச்சுக்கோங்க. நியூகாசில்ல ஆர்ம்ஸ்ட்ராங் கம்பெனி, எல்ஸ்விக் யார்டுல, எப்படியும் யாராவது வாங்குவாங்கன்னு சொந்த காசுல கட்டினது. நம்ம ஊர் பில்டர் ஆள் பிடிக்கறதுக்கு முன்னாடியே ஃபிளாட்ட கட்டி நிறுத்தற மாதிரி. 1899 ஜூன்ல தண்ணில விட்டாங்க, 1900 மே மாசம் அட்மிரால்டி வாங்குச்சு. 223 அடி, வைப்பரை விட நீளம், அகலம் இருபது அடி சொச்சம் தான். நாலு ஷாஃப்ட், ஒவ்வொண்ணுலயும் மூணுன்னு பன்னெண்டு ப்ரொப்பல்லர். ஆர்ம்ஸ்ட்ராங் உலகம் பூரா குரூசர் வித்த பெரிய கம்பெனி, அதுல சந்தேகம் இல்ல, ஆனா இந்த தகர டப்பா வித்தைல யாரோ, தார்னிகிராஃப்ட் மாதிரி ஊறினவங்க கிடையாது.

வைப்பர் கதைய சீக்கிரம் முடிச்சிடறேன். 1901 ஆகஸ்ட் 3, வருஷாந்திர போர்ப்பயிற்சி, சேனல் தீவுகள்ல ஆல்டர்னிக்கு பக்கத்துல எதிரி டார்பிடோ படகை தேடிகிட்டு போகுது, பனிமூட்டம் இறங்குது, ரெனோன்கே பாறைல போய் ஏறிடுச்சு. யாரும் சாகல. கப்பல் மட்டும் போச்சு.

இப்ப கோப்ரா. 1901 செப்டம்பர் 17 சாயங்காலம் டைன் நதிலருந்து போர்ட்ஸ்மவுத்துக்கு கிளம்புச்சு, அங்க போய் தான் துப்பாக்கி எல்லாம் மாட்டணும். மொத்தம் 79 பேர். லெப்டினன்ட் போஸ்வொர்த் ஸ்மித் தலைமைல நேவி ஆளுங்க, கூட பார்சன்ஸ் கம்பெனியோட ஃபிட்டர், மேஸ்திரின்னு ஒரு கூட்டம், ஏன்னா இந்த என்ஜின ஓட்ட தெரிஞ்சவன் நேவில அப்ப அதிகம் கிடையாது. அதுல ராபர்ட் பர்னார்டும் இருந்தார், பார்சன்ஸோட மெரைன் டர்பைன் ஒர்க்ஸ் மேனேஜர்.

ராத்திரி காத்து ஏறுச்சு, கடல் எழும்புச்சு. புயல்னு சொல்ற அளவுக்கு எல்லாம் ஒண்ணும் இல்ல, வடகடல்ல செப்டம்பர்ல சாதாரணமா வர்றது தான். ஆனா அந்த ஒல்லி கப்பல் அப்படி உருண்டுச்சு, ஸ்டோக்கரால கால் ஊனி நின்னு கரி போட முடியல, வேகத்தை நல்லா கொறைச்சுட்டாங்க. காலைல ஏழு மணி சுமாருக்கு லிங்கன்ஷைர் கரைக்கு வெளிய அவுட்டர் டவ்சிங் மணல்திட்டு பக்கத்துல போறப்போ ஒரு அதிர்ச்சி. அவ்வளவு தான், பின்பக்க பாய்லர் இருக்கற இடத்துகிட்ட கப்பல் ரெண்டா போச்சு. பின்பாதி முழுகிருச்சு, முன்பாதி கொஞ்ச நேரம் மிதந்துச்சு. டவ்சிங் லைட்ஷிப்ல (கலங்கரை விளக்கம் மாதிரி ஒரே இடத்துல நிக்கற கப்பல்) இருந்தவங்க கண்ணுக்கு எட்ற தூரம் தான். படகு இறக்க நேரமே இல்ல, ஒரு சின்ன டிங்கி மட்டும் தப்புச்சு, அதுல பன்னெண்டு பேர் ஏறினாங்க, சிலர் தண்ணிலருந்து இழுத்து போட்டவங்க. அதுக்கு மேல ஒருத்தர் ஏறினா டிங்கியே கவுந்துரும். சுத்தி மிதந்துகிட்டு இருக்கறவங்கள்ல தெரிஞ்ச முகம் எத்தனை இருந்திருக்கும்னு நெனச்சு பாருங்க. பல மணி நேரம் அப்படியே கிடந்து, கடைசில ஹார்லிங்டன்னு ஒரு ஸ்டீமர் வந்து எடுத்துச்சு. நேவி ஆளுங்க 44, கம்பெனி ஆளுங்க 23, மொத்தம் 67 பேர் போனாங்க. லெப்டினன்ட் ஸ்மித் திரும்பல, பர்னார்டும் திரும்பல.

பிரிட்டிஷ் நேவில அப்ப ஒரு வழக்கம், கப்பல் போச்சுன்னா பிழைச்சு வந்தவங்க மேல கோர்ட் மார்ஷல். செத்து பிழைச்சு வந்தவன கூண்டுல ஏத்தறது நமக்கு கொடுமையா தெரியும், ஆனா என்ன நடந்துச்சுன்னு எல்லார் முன்னாடியும் பதிவு பண்ண அதுதான் அவங்க வழி. அக்டோபர்ல போர்ட்ஸ்மவுத்துல நடந்துச்சு, சீஃப் என்ஜினியர் பெர்சியும் மத்தவங்களும் நின்னாங்க. தீர்ப்பு இப்ப படிச்சாலும் சுருக்குனு இருக்கும்: கப்பல் தரை தட்டல, எதுலயும் மோதல, ஓட்டினதுலயும் தப்பு இல்ல, கப்பலோட கட்டுமானமே பலவீனம், மத்த டிஸ்ட்ராயர்களை விட இது பலம் கொறஞ்சது, இதை நேவிக்கு வாங்கினதே வருத்தப்பட வேண்டிய விஷயம். கோர்ட் அட்மிரால்டிக்கே கொட்டு வெச்ச மாதிரி. ஆர்ம்ஸ்ட்ராங் தரப்பு இதை ஒத்துக்கவே இல்ல, தண்ணிக்குள்ள மெதந்த ஏதோ சிதிலத்துல மோதி தான் ஒடிஞ்சிருக்கணும்னு அவங்க வாதம்.

இப்ப ஒடியறதுன்னா என்னன்னு சொல்றேன். கப்பலோட நீளத்துக்கு சமமா ஒரு அலை வருதுன்னு வெச்சுக்கோங்க. அலையோட உச்சி கப்பலுக்கு நேர் நடுவுல வந்தா நடு தூக்கும், ரெண்டு முனையும் தொங்கும். இது ஹாக்கிங். அடுத்த நிமிஷம் ரெண்டு முனையும் ரெண்டு உச்சில உக்காரும், நடு குழில தொங்கும். இது சேகிங். சாரத்துல போட்ட பலகை நடுவுல கொத்தனார் நடந்தா வளையுமே, அது சேகிங், பலகைய ஒரு கட்டை மேல நடுவுல வெச்சு ரெண்டு பக்கமும் செங்கல் அடுக்கினா ஹாக்கிங். கப்பலுக்கு இது மாத்தி மாத்தி நடந்துகிட்டே இருக்கும், ஒரு ராத்திரில ஆயிரக்கணக்குல. கம்பிய முன்னும் பின்னும் வளைச்சு வளைச்சு ஒடிக்கிறோமே. கோப்ரால நீளம் ஜாஸ்தி, ஆழம் கொறைச்சல், தகடு மெல்லிசு, நடுவுல பாய்லரும் டர்பைனும்னு பாரம்.

நானே பெரிய பல்க் கேரியர்ல கெட்ட வானிலைல, கப்பல் நீளத்துக்கும் போற உள்பாதைல நின்னு அந்த கோடிய பாத்திருக்கேன். வரிசையா இருக்கற லைட்டு நேரா இருக்காது, பாம்பு மாதிரி நெளியும், அந்த கோடில இருக்கற லைட்டு மறைஞ்சு மறைஞ்சு வரும். மொத தடவை பாத்தப்போ எனக்கு வயித்த கலக்கிருச்சு, பக்கத்துல இருந்த பழைய போசன் (டெக் ஆளுங்களுக்கு மேஸ்திரி) சிரிச்சுகிட்டே சொன்னார், "வளையுதேன்னு சந்தோஷப்படு தம்பி, வளையலன்னா தான் ஒடியும்". இப்ப எல்லாம் சரக்கு ஏத்தறப்பவே எங்க எவ்வளவு வளையும்னு கம்ப்யூட்டர் சொல்லிரும், லிமிட் தாண்டினா கத்தும். கோப்ரா கட்டினப்போ இது பேப்பர்ல போட்ட கணக்கு மட்டும் தான், நெசமான கப்பல் அலைல எவ்வளவு இழுபடுதுன்னு யாரும் அளந்து பாத்ததே இல்ல.

அதை அளந்தது கோப்ராவுக்கு அப்புறம் தான், எனக்கு இந்த கதைலயே ரொம்ப பிடிச்ச இடம் இது. அட்மிரல் ராசன் தலைமைல ஒரு கமிட்டி போட்டாங்க, கிளாஸ்கோ ப்ரொஃபசர் பைல்ஸ், கப்பல் கட்ற டென்னி மாதிரி ஆளுங்க எல்லாம் அதுல. அவங்க எச்.எம்.எஸ். உல்ஃப்னு ஒரு டிஸ்ட்ராயர போர்ட்ஸ்மவுத் ட்ரை டாக்ல கொண்டு வந்து, தண்ணிய வடிச்சு, மொதல்ல நடுவுல மட்டும் முட்டு குடுத்து முனைய தொங்க விட்டாங்க, அப்புறம் முனைல முட்டு குடுத்து நடுவ தொங்க விட்டாங்க. முழு கப்பல், பொம்மை இல்ல. உடம்பு பூரா தகடு எவ்வளவு நீளுது சுருங்குதுன்னு அளக்கற கருவி மாட்டி வெச்சிருந்தாங்க. அப்புறம் அதே கருவியோட கடலுக்கும் கொண்டு போய், கெட்ட வானிலைய தேடி தேடி ஓட்டி அளந்தாங்க. கடல்ல வந்த நெச அழுத்தம் பேப்பர் கணக்கு சொன்னதை விட கம்மியா தான் இருந்துச்சு. அதாவது பழைய கணக்கு முறைய நம்பி கட்டலாம், ஒழுங்கா கட்டினா.

அந்த ஆராய்ச்சி கோப்ராவுக்கு சாதகமா பாதகமான்னு கேட்டா ரெண்டு பக்கமும் பேசலாம். ஆர்ம்ஸ்ட்ராங் ஆளுங்க, பாத்தீங்களா அலை மட்டும் ஒடிச்சிருக்காது, எதுலயோ மோதியிருக்குன்னு சொல்லிக்கலாம். என் கருத்து வேற. நல்ல கப்பலுக்கு மீதம் பலம் நெறைய இருக்கும், ஒரு மரக்கட்டைல மோதினா தகடு நசுங்கும், ஓட்டை விழும், ரெண்டா போகாது. சிதிலத்துல மோதிச்சுன்னே வெச்சுக்குவோம், ஒரு மோதல்ல ரெண்டா போற கப்பல் பலவீனமான கப்பல் தானே. அதனால கோர்ட் சொன்னது எனக்கு சரின்னு படுது.

டர்பைன் மேல பழி போட்டவங்களும் உண்டு. பம்பரம் சாயாம நிக்குதே அதே மாதிரி, வேகமா சுத்தற டர்பைன் கப்பல் குத்தி எழும்பறப்போ எதிர்த்து முறுக்கும், அந்த முறுக்குல தான் ஒடிஞ்சிருக்கும்னு ஒரு வாதம் அப்ப பேப்பர்ல எல்லாம் ஓடுச்சு. கேக்க அழகா இருக்கும், கணக்கு போட்டா நிக்காது. டர்பைன் ரோட்டர் கப்பலோட எடைல சின்ன பங்கு, அது குடுக்கற முறுக்கு அலை குடுக்கற வளைவுக்கு முன்னாடி சுண்டைக்காய். அதுவும் அன்னைக்கு காலைல மெதுவா தான் போய்கிட்டு இருந்தாங்க. நெசத்துல டர்பைன் தான் கப்பலுக்கு நல்லது, பிஸ்டன் என்ஜின் மாதிரி போட்டு உலுக்காது.

அதனால அட்மிரால்டி டர்பைனை கைவிடல, அது பெரிய விஷயம். வேற எந்த ஆபீஸா இருந்தாலும் ரெண்டும் போச்சு, இந்த சனியனே வேணாம்னு ஃபைல மூடியிருப்பாங்க. அதே 1901-ல கிளைட் நதில கிங் எட்வர்டுன்னு பயணிகள் கப்பல் டர்பைன்ல ஓட ஆரம்பிச்சிருச்சு, அதுவும் கை குடுத்துச்சு. 1906-ல டிரெட்நாட் போர்க்கப்பலே டர்பைன், அடுத்த வருஷம் லூசிடானியா, மாரிட்டேனியா. இதுல ஒரு வேடிக்கை இருக்கு, கோப்ரா கட்டின காலத்துல எல்ஸ்விக்ல கப்பல் டிசைனுக்கு தலையா இருந்தவர் ஃபிலிப் வாட்ஸ், அவர் 1902-ல அட்மிரால்டியோட தலைமை கப்பல் வடிவமைப்பாளரா போனார், டிரெட்நாட் அவர் கைல வந்தது தான். இங்க யாருக்கு புத்தி வந்துச்சு யாருக்கு ப்ரோமோஷன் வந்துச்சுன்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

டிஸ்ட்ராயர் பக்கமும் மாறுச்சு. அடுத்து வந்த ரிவர் கிளாஸ் கப்பலுக்கு வேகம் 25 நாட் சொச்சம் தான் கேட்டாங்க, ஆனா சுமை ஏத்தின கப்பல்ல, ஏமாத்து ட்ரையல் இல்லாம. முன்பக்கத்தை ஆமை முதுகு மாதிரி தாழ்வா வெக்கறதை விட்டுட்டு நல்லா உயர்த்தி கட்டினாங்க, எடை 550 டன் ஆச்சு. அதுவரைக்கும் முப்பது நாட்னு பீத்திக்கிட்ட கப்பல் எல்லாம் அலைல திணறி நிக்கறப்போ இந்த "மெதுவான" கப்பல் தாண்டி போகும். கோப்ரா மட்டும் தான் காரணம்னு சொல்ல மாட்டேன், ஜெர்மன்காரங்க அப்படி முன்பக்கம் உயர்ந்த கப்பல் கட்ட ஆரம்பிச்சிருந்தாங்க, அதையும் பாத்தாங்க. ஆனா 67 பேர் போனதுக்கு அப்புறம் வேகம் வேகம்னு கத்தறவன் குரல் கொஞ்சம் இறங்கும் இல்லையா.

கடைசியா பாம்பு. 1890-ல எச்.எம்.எஸ். சர்ப்பென்ட்னு ஒரு கப்பல் ஸ்பெயின் கரைல மோதி 173 பேர் போனாங்க, மூணே பேர் தான் பிழைச்சாங்க. அப்புறம் வைப்பர், அப்புறம் கோப்ரா. கடல்காரன் ராசி பாக்கறதுல நம்ம ஊர் ஆளுங்களுக்கு சளைச்சவன் இல்ல, பேசிக்கத்தான் செய்வான். இதே நேரத்துல பார்சன்ஸும் ஹாத்தார்ன் லெஸ்லியும் சேந்து சொந்த காசுல மூணாவதா ஒரு டர்பைன் டிஸ்ட்ராயர் கட்டிகிட்டு இருந்தாங்க, மெதுவா போறப்போ கரி மிச்சம் பிடிக்க சின்ன பிஸ்டன் என்ஜினும் கூட வெச்சு. அதுக்கு வெச்சிருந்த பேரு பைத்தான். 1902-ல நேவி அதை வாங்கினப்போ பேரு வெலாக்ஸ், வேகமானதுன்னு லத்தீன்ல அர்த்தம். மலைப்பாம்பு போயே போச்சு. அந்த வெலாக்ஸ் 1915 அக்டோபர்ல போர்ட்ஸ்மவுத்துக்கு வெளிய கண்ணிவெடில மாட்டி முழுகுச்சு, ஒடியல.

டர்பினியா இன்னும் இருக்கு. நியூகாசில் டிஸ்கவரி மியூசியத்துல உள்ள நுழைஞ்சதுமே அது தான் நிக்கும். யாராவது அந்தப்பக்கம் போனா பின்னாடி போய் குனிஞ்சு பாருங்க, ஒவ்வொரு ஷாஃப்ட்லயும் மூணு மூணா ப்ரொப்பல்லர் கோத்து வெச்சிருப்பாங்க, கோப்ரால பன்னெண்டு மாட்டினதும் அதே மாதிரி தான்.